கலாவுபாபாவில் ஒரு தையல் அறை

மருந்தே இல்லாத நோயாளியின் அருகில் இருப்பவர் என்னதான் செய்ய முடியும்? ஹவாய்த் தீவுகளில் தொழுநோயாளிகளைப் பராமரித்த கன்னியர், அன்னை மரியான் கோப்பைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறேன். அவர் இறந்தது 1918-இல். தொழுநோயைக் குணமாக்கும் மருந்து ஹவாய்க்கு வந்தது 1940-களில். அந்தத் தீவுகளில் அவர் இருந்த 35 ஆண்டுகளில் ஒருவரைக்கூட நோயிலிருந்து மீட்க அவருக்கு வழி இருக்கவில்லை.

*

ஜெர்மனியின் ஹெப்பன்ஹைமில் 1838-இல் பிறந்தவர். கைக்குழந்தையாக அமெரிக்கா போனார். அப்பா நோயில் விழுந்ததும் படிப்பை விட்டு ஆலை வேலைக்குச் சென்றார். கன்னியர் மடத்தில் சேரும் ஆசை அப்போதே இருந்தது. வீட்டில் இருந்த சிறுசுகளின் பசி அதை ஒத்திப்போட்டது. 1862-இல் அப்பா இறந்த பிறகுதான் சிரக்கியூஸ் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார், 24 வயதில். இறையழைத்தல் என்றதும் எல்லாவற்றையும் உதறிவிட்டு ஓடுகிற கதைகளையே சொல்லிப் பழகிவிட்டோம். ஆலையில் நின்ற அந்த ஆண்டுகளும் துறவுதான் என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

*

சிரக்கியூஸில் அவர் நடத்திய புனித சூசையப்பர் மருத்துவமனை குடிநோயாளிகளையும் சேர்த்துக்கொண்டது. அதற்காக வசவும் கிடைத்தது. மருத்துவ மாணவர்கள் படுக்கையருகே வந்து கற்றுக்கொள்ள அனுமதித்தார். ஆனால் நோயாளி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். 1870-களில் இப்படி ஒரு விதி!

*

1883-இல் ஹவாயிலிருந்து உதவி கேட்டுக் கடிதம் வந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட சபைகள் மறுத்துவிட்டிருந்தன. சபைத் தலைவியான மரியான், ஆறு சகோதரிகளுடன் தாமே கப்பலேறினார். அவர்களை அமர்த்திவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. அவர் திரும்பவே இல்லை.

ஹொனலுலுவின் காக்காக்கோ மருத்துவமனையில், அரசு அமர்த்திய நிர்வாகி நோயாளிகளைக் கொடுமைப்படுத்துவதைக் கண்டார். அவரை நீக்குங்கள், இல்லையேல் நாங்கள் ஊர் திரும்புகிறோம் என்றார். பொறுப்பு மரியான் கைக்கே வந்தது. சாந்தம் என்று புனிதர்மேல் நாம் பூசும் சந்தனத்துக்குள் இப்படி ஒரு கறார் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

*

1888-இல் மொலோக்காய் தீவின் கலாவுபாபாவுக்குப் போனார். மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் செங்குத்தான மலை. தொழுநோயாளிகளை அரசு கொண்டுபோய் விட்ட இடம். அங்கே அவர்களுக்குப் பணிசெய்துவந்த அருட்தந்தை தமியான் ஐந்து மாதத்தில் அதே நோயால் இறந்தார்.

அங்கே பெண்களுக்கான காப்பகமான ‘பிஷப் இல்லத்தில்’ இருந்த பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் மரியான் புண்ணுக்குக் கட்டுப் போட்டார். அதோடு நிற்கவில்லை. நல்ல துணி எடுத்து, அழகான ஆடைகள் தைத்துக் கொடுத்தார். மரங்கள் நட்டார். எழுத்தாளர் ஸ்டீவன்சன் 1889-இல் வந்து அந்தப் பிள்ளைகளோடு விளையாடிப் போனபின் ஒரு பியானோ அனுப்பிவைத்தார். விரல்கள் மரத்துப்போகும் ஒரு ஊருக்குப் பியானோ. முதலில் படித்தபோது எனக்கு இது கொஞ்சம் குரூரமாகக்கூடப் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. சாகப்போகிற பெண்ணுக்கு எதற்குப் புதுச்சட்டை என்று கேட்பவரும், அவளுக்கு எதற்குப் பாட்டு என்று கேட்பவரும் ஒரே ஆள்தான்.

*

உங்களில் ஒருவருக்கும் இந்த நோய் வராது என்று சகோதரிகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வரவும் இல்லை. விசுவாசத்தால் என்று சொல்லிக் கடந்துவிடலாம். கை கழுவுவதில் அவர் காட்டிய கண்டிப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நோயைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்ட தமியானின் பெயர் உலகெங்கும் போனது. சோப்பும் தண்ணீருமாக எண்பது வயதுவரை பணிசெய்தவருக்கு 2012-இல்தான் புனிதர் பட்டம்.

*

நெருடல் ஒன்று தீரவில்லை. பிஷப் இல்லத்துச் சிறுமிகள் விரும்பி வந்தவர்கள் இல்லை. சட்டம் அவர்களை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தை மரியான் எழுதவில்லை, அதற்குள் இருந்துதான் பணிசெய்தார். அவர் தைத்த ஆடை அந்தப் பிரிவை ஈடுசெய்யுமா? செய்யாது. ஆடை இல்லாமலும் பிரிவு இருந்திருக்கும். 1969-இல் சட்டம் நீங்கியபோது பலர் வெளியேறவில்லை. கலாவுபாபாவே தங்கள் ஊர் என்று சொல்லி இருந்துவிட்டார்கள்.