விட்டுப் போன கார்

1968 ஜனவரி. சவுதாம்ப்டனில் கச்சேரி. லண்டனிலிருந்து ஒரு கார் கிளம்புகிறது. உள்ளே இருபது சொச்சம் வயதுப் பையன்கள். 'போற வழியில சிட்டை ஏத்திக்கலாமா?' என்று ஒருவர் கேட்கிறார். 'வேணாம், விடு' என்கிறார் இன்னொருவர். கார் நிற்காமல் போய்விடுகிறது.

'பிங்க் ஃப்ளாய்ட்' என்ற ராக் குழு, தன் தலைவரை நீக்கிய விதம் இதுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. முறையான அறிவிப்பு ஏப்ரலில்தான் வந்தது.

அந்த சிட் பாரெட் சாதாரண ஆள் இல்லை. 1965-ல் குழுவுக்குப் பெயர் வைத்தவரே அவர்தான். பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கௌன்சில் என்று அமெரிக்காவில் இரண்டு ப்ளூஸ் பாடகர்கள். இரண்டு பேரின் முன்பாதியையும் ஒட்டவைத்தார், பெயர் ரெடி. 1967-ல் வந்த முதல் ஆல்பத்தில் பதினொரு பாட்டு. அதில் எட்டு, அவர் தனியாக எழுதியவை. ஆனால், அந்த வருஷமே மனசு கலைந்துபோனது. எல்.எஸ்.டி. பழக்கம் ஒரு காரணம் என்பார்கள். மேடையில் எல்லோரும் ஒரு பாட்டு வாசிக்க, இவர் வேறு உலகத்தில் நின்றுகொண்டிருப்பார். கைகொடுக்க டேவிட் கில்மோர் வந்தார். அவரும் சிட்டின் கேம்பிரிட்ஜ் சிநேகிதர்தான். சில வாரங்கள் ஐந்து பேராக வாசித்தார்கள். அப்புறம்தான் அந்தக் கார்.

தத்துவத்தில் 'தீசியஸின் கப்பல்' என்று ஒரு பழைய புதிர் உண்டு. புளூடார்க் எழுதிவைத்துவிட்டுப் போனது. ஏதென்ஸ்காரர்கள் தீசியஸின் கப்பலை நினைவுச் சின்னமாகக் காப்பாற்றிவந்தார்கள். பலகை மக்கினால் கழற்றிவிட்டுப் புதுசு போடுவார்கள். ஒருநாள் எல்லாப் பலகையும் மாறிவிட்டது. இப்போது அது அதே கப்பலா? 17-ம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் இன்னும் கொஞ்சம் குழப்பினார். கழற்றிப்போட்ட பலகைகளை ஒருத்தன் சேர்த்துவைத்து, அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல்?

பிங்க் ஃப்ளாய்டுக்கு இது வெறும் புதிராக இல்லை, கோர்ட் கேஸாகவே வந்தது. சிட் போனபின் பாடல்கள் பெரும்பாலும் ரோஜர் வாட்டர்ஸ் கைக்கு வந்தன. 1973-ல் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' வந்து, உலகமெங்கும் கோடிக்கணக்கில் விற்றது. 1979-ல் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டை வெளியே அனுப்பினார்கள். ஆனால், அடுத்து வந்த 'தி வால்' கச்சேரிகளில் அவரையே சம்பளத்துக்கு வாசிக்க வைத்தார்கள். அந்தக் கச்சேரிகள் பயங்கர நஷ்டம். முதலாளிகள் மூன்று பேரும் கையைச் சுட்டுக்கொள்ள, சம்பளக்காரர் ஒருவருக்குத்தான் லாபம்!

1985-ல் வாட்டர்ஸ் விலகினார். 'நான் போனதோடு குழு முடிந்தது, அந்தப் பெயரை யாரும் பயன்படுத்தக் கூடாது' என்று 1986-ல் லண்டன் ஹைகோர்ட்டுக்குப் போனார். கில்மோரும் டிரம்மர் நிக் மேஸனும் 'நாங்கள் இருக்கிறோமே' என்றார்கள். 1987 டிசம்பரில், கில்மோரின் படகு வீட்டில் உட்கார்ந்து சமாதானம் பேசி முடித்தார்கள். பெயர் இவர்களுக்கு, 'தி வால்' நிகழ்ச்சியின் உரிமை அவருக்கு. வழக்குப் போட்டது தப்பு என்று பல வருஷம் கழித்து, 2013-ல், வாட்டர்ஸே ஒப்புக்கொண்டார்.

இதில் ஒன்று கவனித்தீர்களா? இவ்வளவு பேர் அடித்துக்கொண்ட பெயரை வைத்தவர், எந்தக் கோர்ட்டுக்கும் போகவில்லை. கேம்பிரிட்ஜில் படம் வரைந்துகொண்டு, தோட்டத்தைக் கவனித்துக்கொண்டு இருந்தார். 2006-ல் இறந்துபோனார்.

தீசியஸ் புதிரில் எனக்கு ஒரு குறை உண்டு. பலகைக்கு வலிக்காது. 'எது அசல் கப்பல்?' என்று கேட்ட யாரும், 'கழற்றின பலகை என்ன ஆச்சு?' என்று கேட்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால், சிட்டை வைத்துக்கொண்டு அந்தக் குழு ஓடியிருக்காது. பிரிந்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். சொல்லாமல் பிரிந்ததுதான் உறுத்துகிறது. அப்போது சிட்டோடு ஒரே வீட்டில் இருந்தவர் ரைட். சிகரெட் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கச்சேரிக்குப் போனதை, அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த ரைட்டுக்குத்தான் பதினோரு வருஷம் கழித்து அதே குழுவில் கதவு சாத்தினார்கள்.

நாமும் இதைத்தான் செய்கிறோம். ஐந்து பேர் சேர்ந்து ஆரம்பித்த தொழிலிலிருந்து ஒருவர் எப்படிக் காணாமல் போகிறார்? யாரும் 'நீ வேண்டாம்' என்று சொல்வதில்லை. அடுத்த மீட்டிங்குக்கு அவருக்குப் போன் போகாது. 'எதுக்கு, வந்தா ஏதாவது பேசுவான்' என்று கல்யாணப் பத்திரிகை ஒரு வீட்டை மட்டும் தாண்டிப்போகும். யாரும் முடிவெடுக்காததால், யாருக்கும் பொறுப்பு இல்லை. கொடுமையே அதுதான்.

1975 ஜூன் 5. லண்டனில் அபே ரோடு ஸ்டூடியோ. சிட்டை நினைத்தே எழுதிய நீண்ட பாட்டு ஒன்றைக் குழு மிக்ஸ் செய்துகொண்டிருந்தது. ஒரு குண்டு மனிதர் உள்ளே வந்து நின்றார். மொட்டைத் தலை. புருவம்கூட மழித்திருந்தது. யார் இது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் போய்த்தான் புரிந்தது, சிட். அவரைப் பற்றிய பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அவரையே அடையாளம் தெரியவில்லை. வாட்டர்ஸ் அழுதுவிட்டார்.

அவருக்குச் சேரவேண்டிய ராயல்டி ஒழுங்காகப் போகிறதா என்று கில்மோர் பார்த்துக்கொண்டார். 2001-ல் வந்த தொகுப்பு ஆல்பத்தில் சிட்டின் பாட்டுகள் ஐந்து இருந்தன. நல்ல காரியம்தான். பணத்தில் பாக்கி இல்லை.

ஆனால், அன்றைக்கு அந்தக் காரை இரண்டு நிமிஷம் நிறுத்தி, கதவைத் தட்டி, 'இனிமே நீ வரவேண்டாம்டா, எங்களால முடியலை' என்று முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். கஷ்டம்தான். ஆனால், அந்த இரண்டு நிமிஷத்தை எந்த ராயல்டியிலும் சேர்த்துக் கொடுக்க முடியாது.