கறக்கும் கை

மனிதக் கை படாமலே பால் கறக்கும் ரோபோ, வணிக முறையில் முதன்முதலாக நெதர்லாந்தில் 1992-ஆம் ஆண்டு ஒரு பண்ணையில் பொருத்தப்பட்டது. அறுபது, எழுபது பசுக்களை வைத்துப் பிழைக்கும் ஐரோப்பியக் குடும்பமொன்று, தேய்ந்துபோன கறவைக்கூடத்தைப் புதுப்பிக்கும் வேளை வந்ததும் இவ்வினாவைச் சந்திக்கிறது: மீண்டும் கூடமா, ரோபோவா?

வரவு செலவை வங்கியே கணக்கிட்டுக் கொடுத்துவிடும். ஒரு ரோபோ ஏறத்தாழ அறுபது பசுக்களைத்தான் தாங்கும். விலையோ மிக அதிகம். நாம் நின்று நோக்க விரும்புவது வேறொன்றை.

கூடத்தில் உழவர் ஒரு பள்ளத்தில் நிற்கிறார். இருபுறமும் பசுக்கள் சாய்வாக அணிவகுக்க, மடிகள் அவர் கண்ணெதிரே அமைகின்றன. விடியலில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. ஞாயிறானாலும் திருநாளானாலும், வீட்டில் இழவே விழுந்தாலும், அந்நேரம் மாறாது. இதனை உழைப்பின் மாண்பு என்று தொலைவிலிருந்து புகழ்வது நமக்கு எளிது. பால்காரர் வந்து கதவைத் தட்டும்வரை எழாத நமக்கு இன்னும் எளிது! காலை உணவைப் பிள்ளைகளோடு உண்ணும் உரிமையை ரோபோ அவருக்குத் தருமெனில், அதைப் பழிக்க நாம் யார்?

பசுவுக்கும் இதில் விடுதலை உண்டு என்கின்றனர். அது விரும்பிய வேளையில் தானே வருகிறது. கழுத்துப்பட்டையைக் கொண்டு ரோபோ அதை அடையாளம் காண்கிறது, அடர்தீவனம் விழுகிறது, லேசர் ஒளியின் துணையோடு காம்புகளைத் தேடி எந்திரக் கை நீள்கிறது. ஆனால் பசுவை இழுத்து வருவது பெரும்பாலும் அந்தத் தீவனமே. அதைத் தன்விருப்பம் என்றழைக்க நமக்குச் சற்றே தயக்கம். மேலும், காம்புகள் கோணலாக அமைந்த பசுவுக்கு மனிதக் கை வளைந்து கொடுத்தது. ரோபோவுக்கு ஒவ்வாத பசு மந்தையை விட்டே அனுப்பப்பட நேர்கிறது. தொலைவில் மேய்ச்சல் நிலம் உள்ள பண்ணையிலோ, பசுக்கள் எந்நேரமும் ரோபோவுக்கு அருகில் இருந்தாக வேண்டுமென்பதால் புல்வெளியே சுருங்கிவிடுகிறது. அத்தகைய பண்ணைக்குக் கூடமே தக்கதென்போம்.

அறிதல் பற்றியும் ஒரு சொல். மடியின் சூட்டையும் வீக்கத்தையும் கை அறிந்தது. ரோபோவோ ஒவ்வொரு காம்பின் பாலிலும் மின்கடத்துதிறனை அளந்து, மடிநோயின் அறிகுறியைக் கண்ணுக்குப் புலப்படுமுன்பே காட்டக்கூடும். உறக்கம் கலையாத கண்களைவிட அது பலவேளை கூர்மையானது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் அது தருவது ஒரு பட்டியலே. அதைக் கண்டு எழுந்து தொழுவத்துக்குச் செல்ல ஓர் ஆள் வேண்டும்.

எனவே ரோபோ வாங்க முனையும் உழவரிடம் நாம் ஒன்றையே கேட்போம்: மிச்சமாகும் மணிநேரங்களில் ஒன்றையேனும், கறக்கும் வேலை ஏதும் இல்லாமலே, பசுக்களிடையே நடந்து செலவிடுவீரா?