கிடைக்காத பணியும் நிய்யத்தும்

2020 மார்ச் மாதம். கொரோனா நோய் உலகை வீட்டுக்குள் முடக்கியிருந்தது. அந்நோய்க்கிருமியின் புரதங்கள் எவ்வாறு மடிந்து அசைகின்றன என்று கணித்தறிய, அமெரிக்க விஞ்ஞானிகள் நடத்தும் ‘ஃபோல்டிங் அட் ஹோம்’ திட்டத்துக்கு இலட்சக்கணக்கானோர் தம் கணினிகளின் உழைப்பை ஊதியமின்றி ஈந்தனர். பெருங்கணக்கைச் சிறு கூறுகளாக்கி வீடுதோறும் அனுப்பி, விடைகளைத் திரும்பப் பெறுவதே அதன் முறை. ஆனால், திரண்டு வந்தோர் அனைவருக்கும் போதிய கூறுகள் ஆயத்தமாக இல்லை. கணினிகள் பல, பணி வேண்டிக் காத்துக் கிடந்தன.

காத்திருந்தோரின் நாட்டம் வீணாகிவிடுமா?

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, தபூக் பயணத்துக்கு வாகனம் வேண்டி ஏழைத் தோழர் சிலர் நபி பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்தனர். கொடுக்க வாகனம் இல்லை; கண்ணீருடன் திரும்பினர். அவர்கள்மீது குற்றமில்லை என்கிறது திருமறையின் தவ்பா அத்தியாயம். ஆம்! தூய நிய்யத் வீணாவதில்லை.

ஆயினும், காத்திருப்பு அந்த நிய்யத்துக்கே உரைகல்லாகும். இத்திட்டத்தில் முடித்த பணிக்குப் புள்ளிகள் உண்டு. ‘பிறருக்குக் கிடைத்தது, நமக்கு இல்லையே’ என நெஞ்சம் பொருமுமாயின், நாம் நாடியது நோயாளியின் நலமா, நம் பெயரில் சேரும் புள்ளியா? வருந்துவது தவறன்று, அத்தோழர்களும் வருந்தினர். அது வாய்ப்பிழந்த ஏக்கமேயன்றி, வாய்ப்புப் பெற்றோர்மீது கொண்ட பொறாமை அன்று.

பிறர் கையால் நற்பணி நிறைவேறும்போதும் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று நம் உள்ளம் மகிழுமாயின், அதுவே இக்லாஸ். பணி வரும்வரை ஆயத்தமாக இருப்பதும் ஓர் அமலே!