குலம் கேட்கும் ஏலக்கூடம்

"ஒரு தரம்... இரண்டு தரம்... மூன்று தரம்!"

சுத்தி விழுந்தது. விழுந்த இடம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரிலே உள்ள மெர்சிடிஸ்-பென்ஸ் அருங்காட்சியகம். நாள் 2022 மே 5. விலை 13 கோடியே 50 இலட்சம் யூரோ. விலைபோனது நிலமல்ல, நீர்த்தேக்கமல்ல, நெல் விளையும் கழனியுமல்ல. ஒரு கார்! 1955-ஆம் ஆண்டிலே இரண்டே இரண்டு செய்யப்பட்டு, பந்தயத்திற்கென்று படைக்கப்பட்டும் பந்தயக் களத்தையே பாராத கார். ஊலன்ஹாட் என்ற பொறியாளர் உருவாக்கியதால் அவர் பெயராலேயே அழைக்கப்படுவது. அதுநாள்வரை எந்தக் காருக்கும் ஏலத்திலே அவ்வளவு விலை கேட்கப்பட்டதில்லை. கேட்டவர் பெயர் வெளியிடப்படவில்லை. அழைக்கப்பட்டவர் மட்டுமே அந்த ஏலத்திற்குள் அனுமதிக்கப்பட்டனர்.

"அவன் பணம், அவன் வாங்குகிறான், உமக்கென்ன?" என்று கேட்கும் நண்பர் நம்மிடையேயும் உண்டு. அதோடு நில்லாமல், "விற்று வந்த பணத்தை நிறுவனம் மாணவர்களின் உதவித்தொகைக்கென நிதியாக்கிற்றே, அறிவீரா?" என்றும் கேட்பார். அறிவோம். அதைக் குறை கூறவும் மாட்டோம். ஆனால் விற்றவர் பணத்தை என்ன செய்தார் என்பது ஒரு கேள்வி; வாங்கியவர் எதற்காகக் கொடுத்தார் என்பது வேறொரு கேள்வி. நாம் ஆராயப் புகுந்தது இரண்டாவதை. பொறாமையால் அல்ல, பொருளுக்கு மதிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பது பகுத்தறிவாளன் கேட்டே தீர வேண்டிய கேள்வி என்பதால்.

விரைவுக்காகவா விலை? இன்று சாலையிலே ஓடும் சாதாரணக் கார், அந்தப் பழைய பந்தயக் காரைவிடப் பன்மடங்கு பாதுகாப்பானது. மழையிலே ஒழுகாது, குளிரிலே அடம்பிடிக்காது. அழகுக்காகவா? அழகென்றே வைத்துக்கொள்வோம். அதே வளைவு, அதே வண்ணம், அதே வார்ப்பு, அச்சு அசலாக இன்னொன்று செய்து பக்கத்திலே நிறுத்தினால், கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஏலக்காரர் இரண்டாவதை ஏறெடுத்தும் பாரார். "இது படி, அது மூலம்" என்பார். அருமைக்காகவா? அருமையாய் இருப்பதெல்லாம் விலைபோவதில்லை. ஒரு குழந்தை களிமண்ணிலே பிசைந்த யானை உலகிலே ஒன்றே ஒன்றுதான். ஒரு காசு கொடுப்பார் இல்லை.

பின் எதற்கு இந்த விலை? பிறப்புக்கு!

ஆம், தோழர்களே! அந்த வியாபாரிகளின் உலகிலே முதற்கேள்வி, "இதன் எண் என்ன?" என்பது. காரின் அடிச்சட்டத்திலே, அதாவது சேசிஸிலே, ஓர் எண் பொறித்திருக்கும். எஞ்சினிலே ஓர் எண். கியர்பெட்டியிலே ஓர் எண். தொழிற்சாலைப் பேரேட்டிலே எழுதியவற்றோடு இவை ஒத்துவர வேண்டும். ஒத்துவந்தால் உயர்குலம். எஞ்சின் பழுதாகி வேறு மாற்றியிருந்தால், அது எவ்வளவு நன்றாக ஓடினாலும், குலம் ஒரு படி தாழ்ந்தது. அடுத்த கேள்வி, யார் யார் கைமாறி வந்தது என்பது. கோத்திரம்! ஃபெராரி நிறுவனத்திலே பழைய வண்டிகளைச் சோதித்துச் சான்று வழங்கும் துறையே தனியாக இருக்கிறது. சிவப்பு அட்டையிட்ட அந்தச் சான்றேட்டுக்குள்ள மரியாதை, வைதிகர்களிடையே ஏட்டுச் சுவடிகளுக்கு உள்ள மரியாதைக்குக் குறைந்ததல்ல.

பிறப்புக்கு விலை கொடுக்கும் இடத்திலே பிறப்பு புனைந்துரைக்கப்படுவதும் இயல்பு. மன்னர்கள் பரிசில் தந்தபோது புலவர்கள் சூரியகுலம், சந்திரகுலம் கண்டுபிடித்துத் தரவில்லையா? அதுபோலவே ஒரே சேசிஸ் எண்ணைச் சொல்லிக்கொண்டு இரண்டு கார்கள் வழக்காடும் கூத்தும் அவ்வுலகிலே நிகழ்வதுண்டு.

குலம் பார்ப்பதிலே உள்ள பொய்ம்மையை எவ்வளவு எடுத்துரைத்தாலும் ஒப்பாதவர்களுக்கு, இலண்டன் உயர்நீதிமன்றத்திலே 1990-ஆம் ஆண்டு நடந்த வழக்கொன்றைக் காட்ட விரும்புகிறோம். இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

'பழைய முதலாம் எண்' என்று பெயர்பெற்ற பென்ட்லி கார் ஒன்று. பிரான்சிலே லெ மான் என்னுமிடத்தில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929-லும் 1930-லும் அடுத்தடுத்து வென்றது. இருமுறையும் ஓட்டியவர்களுள் ஒருவர் உல்ஃப் பர்னாட்டோ. பென்ட்லி நிறுவனத்தின் தலைவராகவும் இருந்தவர். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கத்திலே தந்தை திரட்டிய செல்வத்துக்கு வாரிசு. (அந்தச் சுரங்கத்தின் ஆழத்திலே மண் சுமந்த கறுப்பின மக்களின் பெயர் எந்தக் காரின் கோத்திரத்திலும் இல்லை.) 1932-இல் புரூக்லண்ட்ஸ் களத்திலே, எஞ்சின் மாற்றப்பட்டு ஓடிய இதே கார் விபத்துக்குள்ளாகி, கிளைவ் டன்ஃபீ என்ற ஓட்டுநர் மாண்டார். சிதைந்த வண்டியைச் செப்பனிட்டு மூடுவண்டியாக்கினார்கள். காலம் ஓடிற்று, கைகள் மாறின, உடல் மாறிற்று, உறுப்புகள் மாறின. பின்னர் மீண்டும் பழைய பந்தய உருவம் தரப்பட்டது. கடைசியிலே ஒரு கோடி பவுனுக்கு விலை பேசி முடிந்தது. அப்போது வாங்க வந்தவர் பின்வாங்கினார்: "இது அந்தக் கார் அல்ல!"

வழக்கு மன்றம் ஏறிற்று. வல்லுநர்கள் வந்தார்கள். திருகு திருகாகக் கழற்றாத குறையாக ஆராய்ந்தார்கள். 1929-இல் வென்ற வண்டியிலே இருந்தது என்று அறுதியிட்டுக் கூறத்தக்கது ஏறத்தாழ ஒன்றுமில்லை. 1930-இன் வண்டியிலிருந்து எஞ்சியவை விரல்விட்டு எண்ணும் சில உறுப்புகள். மிகுதியானவை 1932-இலும் அதன் பின்னும் சேர்ந்தவை. அப்படியானால் வென்ற கார் எங்கே?

நீதிபதி ஆட்டன் கூறிய தீர்ப்பு நம் சிந்தனைக்கு விருந்து. தொடக்க நாளின் உறுப்புகளோடு கூடிய மூலக்கார் என்று இதைச் சொல்ல முடியாது என்றார். ஆனால் போலியும் அல்ல, செத்துப் பிழைத்ததும் அல்ல என்றார். ஒரு நாளும் இல்லாமற் போகாமல், மாறி மாறித் தொடர்ந்து வந்த வரலாறு இதற்கு உண்டு. ஆகவே 'பழைய முதலாம் எண்' என்ற பெயருக்கு இதுவே உரியது என்றார். விற்றவர் வென்றார்.

எண்ணிப் பாருங்கள். தூய பிறப்பைத் தேடித் துருவி உள்ளே போனவர்கள் கண்டது பிறப்பை அல்ல, இடைவிடாத மாற்றத்தை! ஒவ்வொரு தலைமுறையிலும் ஏதோ ஒரு பட்டறையிலே எவனோ ஒருவன் தேய்ந்ததை அகற்றி, உடைந்ததை ஒட்டி, அதை ஓட வைத்திருக்கிறான். அந்த உழைப்பின் தொடர்ச்சிதான் அந்தக் கார். கலப்பே அதன் உயிர். கலப்பு நேர்ந்திராவிட்டால் அது 1932-லேயே பழைய இரும்புக்காரன் தராசில் ஏறியிருக்கும். மனிதக் கூட்டத்தின் வரலாறும் வேறென்ன? இதை நாம் சொன்னால் வெகுண்டெழுவோர், ஒரு கோடி பவுன் காருக்காக ஆங்கில நீதிபதி சொன்னால் கைதட்டுவர்!

மறுபிறவிக் கதையும் உண்டு, கேளுங்கள். இங்கிலாந்தின் ஜாகுவார் நிறுவனம் 1963-இல் எடை குறைந்த பந்தயக் கார்கள் 18 செய்யத் திட்டமிட்டு, எண்களையும் ஒதுக்கிற்று. செய்தது 12. மீதி ஆறு எண்களும் பேரேட்டிலே தூங்கின. 2014-இல் நிறுவனம் அறிவித்தது: அந்த ஆறையும் இப்போது செய்யப்போகிறோம், அதே எண்களோடு! இன்னொன்று: 1957 பிப்ரவரி 12-இல் தொழிற்சாலையிலே தீப்பிடித்து ஒன்பது எக்ஸ்.கே.எஸ்.எஸ். கார்கள் அழிந்தன. ஏறத்தாழ அறுபது ஆண்டு கழித்து அந்த ஒன்பதுக்கும் ஈடாக ஒன்பது செய்தார்கள். ஒவ்வொன்றின் விலையும் பத்து இலட்சம் பவுனுக்கு மேல். ஆனாலும் 1957-இலே பிறந்தவற்றின் விலைக்கு அருகேகூட இவை செல்லமாட்டா. செய்தது அதே நிறுவனம். உருவம் அதே உருவம். மறுபிறவி எடுத்தும் மேல்சாதி ஆக முடியவில்லை, பாவம்!

நம்மீது ஒரு குற்றச்சாட்டு வரக்கூடும்: "இயந்திரத்துக்கு எதிரிகளா நீங்கள்? பழமையைப் போற்றத் தெரியாதவர்களா?" இயந்திரத்துக்கு எதிரிகளல்லோம். எடை மிகக் குறைந்த கார்கள் வரும் காலத்தை 'இனிவரும் உலகம்' நூலிலே எண்ணிப் பார்த்தவர் பெரியார். அந்த மரபிலே வந்தவர்கள் நாம். பழம்பொருளையும் தூற்றோம். பானை ஓடு ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டால் அது சான்று. போலி ஓடு எதையும் கற்பிக்காது. ஆகவே மெய்யா பொய்யா என்று ஆராய்வதும் தேவையே. இந்த அளவிலே கார் வல்லுநரின் உழைப்பை மதிக்கிறோம். ஆனால் சான்று என்பது பலர் பார்க்கப் பார்க்கப் பயன் மிகுவது. பூட்டிய அறைக்குள்ளே, குளிர்காற்றிலே, உரியவன் ஒருவன் மட்டும் உற்று நோக்கிப் பெருமூச்சுவிடும் பொருள் சான்றல்ல, சந்நிதி.

சான்று என்றால் எல்லாவற்றுக்கும் சான்றாக இருக்கட்டுமே! ஸ்டுட்கார்ட்டிலே ஏலம்போன கார், 300 எஸ்.எல்.ஆர். என்னும் பந்தயக் காரின் உடன்பிறப்பு. அந்த 300 எஸ்.எல்.ஆர். ஒன்றுதான் 1955 ஜூன் 11-இல் லெ மான் பந்தயத்திலே பார்வையாளர் கூட்டத்தின்மீது பாய்ந்து வெடித்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பந்தயம் நிறுத்தப்படவில்லை! அன்றிரவு மெர்சிடிஸ் தன் மற்றக் கார்களை விலக்கிக்கொண்டது. அவ்வாண்டு இறுதியிலே பந்தயத்தையே விட்டது. அதனாலேதான் ஊலன்ஹாட் கார் களம் காணாமல் நின்றது. களம் காணாததே அதற்கு அருமையும் ஆயிற்று. 13 கோடி யூரோவுக்குள்ளே அந்த எண்பது பேரின் சாம்பலும் கலந்திருக்கிறது. இதைச் சொல்வது, வாங்கியவனைக் கொலைகாரன் என்பதற்காக அல்ல. கோத்திரம் ஓதுகிறவர்கள் முழுக் கோத்திரத்தையும் ஓதட்டும் என்பதற்காக.

ஃபெராரி 250 ஜி.டி.ஓ. என்பது 1962 முதல் 1964 வரை செய்யப்பட்டது, மொத்தம் 36. அதிலொன்று 2018-இல் அமெரிக்காவின் மாண்ட்டரேயிலே 4 கோடியே 84 இலட்சம் டாலருக்கு ஏலம்போயிற்று. அதன் அலுமினியத் தகட்டை மணல்மூட்டை மீது வைத்துத் தட்டித் தட்டி வளைத்தவர்கள், ஸ்காலியெட்டி பட்டறையின் கொல்லர்கள். பட்டறை உரிமையாளரின் பெயர் நிலைத்தது. சுத்தி பிடித்தவன் பெயரை யாரும் கேட்பதில்லை. அதை ஒரு முறை பந்தயத்திலே ஓட்டிய சீமானின் பெயரோ பட்டியலின் முதல் வரியிலே!

சுத்தி பிடித்தவனுக்கும், நூல் நூற்றவனுக்கும் இந்தக் கார்களுக்கும் என்ன உறவு என்பதைப் பிரான்ஸ் நாட்டின் முலூஸ் நகரம் சொல்லும்.

ஹான்ஸ், ஃபிரிட்ஸ் என்று ஷ்லும்ப் உடன்பிறந்தார் இருவர். அல்சாஸ் பகுதியிலே கம்பளி நூற்பாலைகளின் முதலாளிகள். இளையவர் ஃபிரிட்ஸுக்குக் கார்ப்பித்து. அதிலும் புகாட்டிப் பித்து. 1960-களிலே உலகெங்கும் ஆளனுப்பி வாங்கிக் குவித்தார். மொத்தமே ஆறு செய்யப்பட்ட புகாட்டி ராயலிலே இரண்டு அவரிடம் சேர்ந்தன. முலூஸில் மூடிக்கிடந்த ஆலையொன்றிலே, ஊரறியாமல், நானூறுக்கும் மேற்பட்ட கார்களை அணிவகுத்து நிறுத்தி, பாரிஸ் பாலமொன்றின் விளக்குகளைப்போல நூற்றுக்கணக்கான விளக்குத்தூண்கள் நாட்டி, ஒரு மாய மண்டபம் எழுப்பினார். புகாட்டிகள் மட்டும் நூறுக்கு மேல்!

ஆலைகள் நொடித்தன. 1976-இல் வேலைநீக்கம் தொடங்கிற்று, தொழிலாளர் கிளர்ந்தனர், முதலாளிகள் எல்லை தாண்டி ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரம் போய்ச் சேர்ந்தனர். 1977 மார்ச்சிலே தொழிலாளர்கள் பூட்டிய கதவைத் திறந்து உள்ளே புகுந்தார்கள். கூலி உயராத ஆண்டுகளிலே, "நிலைமை சரியில்லை" என்று கணக்குக் காட்டப்பட்ட ஆண்டுகளிலே, தங்கள் உழைப்பு எங்கே போயிற்று என்பதைத் தங்கள் கண்ணாலேயே கண்டார்கள். விளக்கொளியிலே, வரிசை வரிசையாக!

என்ன செய்தார்கள் அவர்கள்? சினத்திலே சிறிய கார் ஒன்றைக் கொளுத்தினர். மறைக்க வேண்டியதில்லை. மற்றவற்றை அடித்து நொறுக்கினார்களா? தனித்தனியே விற்றுப் பங்கிட்டார்களா? இல்லை. அந்த மண்டபத்துக்குத் 'தொழிலாளர் ஆலை' என்று பெயர் சூட்டி, வாயிலைத் திறந்துவிட்டு, வந்தவர்க்கெல்லாம் காட்டினார்கள். ஏறத்தாழ ஈராண்டு அவர்களே காவல், அவர்களே வழிகாட்டி. ஒருவன் கண்ணுக்கென்று பூட்டிவைத்த சந்நிதியைச் சான்றாக மாற்றியவர்கள், கார்களைப்பற்றி எந்த ஏட்டையும் படித்திராத நூற்பாலைத் தொழிலாளர்கள்! 1978-இல் பிரெஞ்சு அரசு அந்தத் தொகுப்பை வரலாற்றுச் சின்னமாக்கி, அது சிதறி வெளிநாடு போகாமல் தடுத்தது. 1979-இல் தொழிலாளர் வெளியேறினர். 1982-இல் அது தேசிய அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

இன்றும் முலூஸ் செல்வோர் சீட்டு வாங்கிக்கொண்டு அந்த விளக்குத்தூண்களுக்கிடையே நடக்கலாம். அருங்காட்சியகத்தின் பெயரோடு ஒரு குடும்பப் பெயரும் சேர்ந்திருக்கிறது: ஷ்லும்ப் தொகுப்பு. முன்பு அந்த வாயிலிலே இருந்த பெயர் 'தொழிலாளர் ஆலை'.