எழுபதிலும் ‘டேய்!’

மும்பைப் பூங்கா ஒன்றில் 1995-இல் மருத்துவர் மதன் கட்டாரியா சிரிப்பு மன்றம் தொடங்கியபோது, சிலர் வட்டமாக நின்று ஜோக் சொல்லிச் சிரித்தார்கள். சீக்கிரமே நல்ல ஜோக்குகள் தீர்ந்துவிட்டன. மிஞ்சியவை சிலர் மனத்தைப் புண்படுத்தின. ஜோக்கே இல்லாமல் சிரிப்போம் என்றார் அவர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததும் சிரிப்பு தானாகத் தொற்றிக்கொண்டது.

வயதான நண்பர்களுக்கு இது எப்போதோ தெரியும். முட்டிவலி, சர்க்கரை அளவு, வீடெல்லாம் தேடி நெற்றியில் அகப்பட்ட மூக்குக்கண்ணாடி என எதைச் சொன்னாலும் சேர்ந்து சிரிப்பார்கள். வீட்டில் தாத்தா, வெளியில் ஐயா. ‘டேய்’ என்று கூப்பிட மிச்சமிருப்பவர்கள் இவர்கள்தான். உங்களை அப்படிக் கூப்பிடும் நண்பர் ஒருவர் காலை நடைக்கு வராவிட்டால் உடனே போன் போடுங்கள். மாலையில் வீட்டுக்கே போய்விடுவது இன்னும் நல்லது.