இறங்கத் தெரிந்த புத்தி

கீதையைப் பயிலும் இளைஞர்கள் பலருக்கு எழும் ஐயம் ஒன்று உண்டு. பலனில் பற்று வைக்காமல் செயல்புரியுமாறு பகவான் இரண்டாம் அத்தியாயத்தில் உபதேசிக்கிறார். அப்படியானால், என்ன நேர்ந்தாலும் கவலையின்றி முன்னேறிச் செல்வதுதானே கர்மயோகம்? பின்வாங்க நினைத்த அர்ஜுனனை அவர் ஏற்கவில்லையே?

இதை ஆராய, இமயத்தின் மடியில் நடைபெறும் ஒரு விளையாட்டு நமக்குத் துணைபுரியும். இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில், தௌலாதார் மலைத்தொடரின் அடியில் பீர் என்ற ஊர் இருக்கிறது. அதற்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் உள்ளது பில்லிங் என்னும் புல்வெளிச் சரிவு. அங்கிருந்துதான் பாராகிளைடிங் வீரர்கள் வானில் கிளம்புகிறார்கள். 2015-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியும் அங்கே நடைபெற்றது. இயந்திரம் கிடையாது, துணியும் கயிறுகளுமே இறக்கை. வெயிலில் சூடேறிய சரிவுகளிலிருந்து எழும் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, குறித்த இடங்களை வரிசையாகக் கடந்து, இலக்கை விரைந்து அடைய வேண்டும்.

வீரரைத் தூக்கும் அதே காற்றுதான் மேகத்தையும் வளர்க்கிறது. மேலேறும் ஈரக்காற்று குளிர்ந்து மேகமாகிறது. அப்போது வெளிப்படும் வெப்பம் காற்றை இன்னும் மேலே தூக்குகிறது. இது அளவு மீறினால் இடிமேகம். தொடக்கத்தில் இரண்டுக்கும் வேறுபாடு எளிதில் தெரிவதில்லை. உயரம் ஏற ஏறக் கையருகே உள்ள கருவி துள்ளலாக ஒலிக்கிறது. நூறு மீட்டர் கிடைத்தது, இருநூறு கிடைத்தது என்று மனம் கணக்கிடுகிறது. விரும்பியதையே காற்று தரும்போது யாருக்குத்தான் ஐயம் தோன்றும்?

2007 பிப்ரவரி 14 அன்று, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மனில்லா என்ற சிற்றூருக்கு அருகே, உலகச் சாம்பியன் போட்டிக்கு முந்தைய பயிற்சியின்போது, ஜெர்மன் அணி வீராங்கனை ஈவா விஸ்னியெர்ஸ்காவை ஓர் இடிமேகம் உள்ளிழுத்தது. அவர் எட்டிய உயரம் 9,946 மீட்டர். எவரெஸ்டின் உச்சிகூட அதற்குக் கீழேதான். நினைவிழந்து, உடலில் பனி படர்ந்து, பிறகு கீழே வந்தபோது நினைவு திரும்பி உயிருடன் தரையிறங்கினார். அதே புயலில் சிக்கிய சீன வீரர் ஒருவர் உயிர் பிழைக்கவில்லை. இருவரும் உலக அரங்குக்கு வந்த தேர்ந்த வீரர்கள். தரையில் அமர்ந்து எழுதும் நாம் அவர்களைக் குறை கூறத் தகுதியற்றவர்கள். ஆனால் அன்று வெல்வதற்குப் பதக்கம்கூட இல்லை என்பது நம்மைச் சற்றுச் சிந்திக்க வைக்கிறது.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்துக்கு வருவோம். பின்விளைவையும் இழப்பையும் தீங்கையும் தன் ஆற்றலின் எல்லையையும் எண்ணிப் பாராமல் மயக்கத்தால் தொடங்கும் செயலைப் பகவான் தாமசம் என்கிறார். பலனைத் துறக்கச் சொன்னவரே பின்விளைவை எண்ணாதவனைக் கண்டிக்கிறார்! இது முரண்பாடு அன்று. பலன் என்பது ‘எனக்கு’ வந்து சேர்வது. பின்விளைவு என்பது செயலிலிருந்து உலகில் விளைவது. முன்னதிலேயே கண் பதித்தவனுக்குப் பின்னது தெரியாமற்போகிறது. பலனை விட்டவனோ மேகத்தை மேகமாகவே காண்கிறான்.

அதே அத்தியாயத்தில், பிரவிருத்தி, நிவிருத்தி இரண்டையும் அறிவது சாத்விக புத்தி என்கிறார். ஆதிசங்கரர் இவற்றுக்குக் கர்ம மார்க்கம், சந்நியாச மார்க்கம் என்று பொருள் காண்கிறார். இல்லறத்தாருக்கு, ஈடுபட வேண்டிய வேளையையும் விலக வேண்டிய வேளையையும் அறிதல் என்றும் கொள்ளலாம். அர்ஜுனன் விலக நினைத்தது உறவுப் பற்றினால் வந்த கலக்கம். அது விவேகத்தில் பிறந்த விலகல் அன்று.

இப்போட்டிகளில் அழகிய விதி ஒன்று உண்டு. வானிலை கெட்டால் பந்தயத்தைப் பாதியில் நிறுத்துவார்கள். ஆனால் அறிவிப்பு வந்த நொடிவரை பறந்த தூரத்தைக் கணக்கில் கொள்ளாமல், அதற்குச் சில நிமிடங்கள் முன்புவரை பறந்ததையே கொள்வார்கள். ஆபத்தை உணர்ந்து முன்பே விலகியவர் நஷ்டமடையக் கூடாது. கடைசி நொடிவரை துணிந்தவர் லாபமடையக் கூடாது. விதி வகுத்தவர்கள் மனித மனத்தை நன்கு அறிந்தவர்கள்.

நிறுத்த அறிவிப்பே வராத நாளும் உண்டு. மேகத்தின் அடி கறுக்கிறது. முன்னே செல்பவர்கள் திரும்பவில்லை. ஒருவர் மட்டும் இறக்கையின் இரு முனைகளையும் உள்ளே மடக்கி, பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகிறார். அரைமணியில் அந்த மேகம் தானே கலைந்துபோகலாம். மற்றவர்கள் இலக்கை அடையலாம். அவர் செய்தது சரி என்று சொல்ல ஓர் இடிகூட முழங்காது. வெற்றி என்ற பலன் மட்டுமல்ல, ‘நான் சொன்னது சரியாயிற்று’ என்ற பலனும் அவருக்குக் கிடைக்கவில்லை. வயல் வரப்பில் துணியை மடித்துப் பையில் திணித்துவிட்டு, ஏற்றிச் செல்ல வரும் ஜீப்புக்காக அவர் காத்திருக்கிறார். மறுநாள் காலை பில்லிங்கில் மீண்டும் பந்தயம்.