நம்பிக்கையும் கணக்கும்

தேர்தல் நெருங்க நெருங்க நாட்டில் சோதிடர்கள் பெருகிவிடுகிறார்கள். டீக்கடையில் ஒருவர், ரயில் பெட்டியில் ஒருவர், கருத்துக் கணிப்போடு பத்திரிகையில் ஒருவர். எல்லாரும் யார் வெல்வார் என்று சொல்கிறார்கள். யார் வெல்ல வேண்டும், ஏன் வெல்ல வேண்டும் என்று சொல்கிறவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

எண்ணூர்க் குப்பத்து இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “நம்ம ஆளு ஜெயிக்க மாட்டாருன்னு எல்லாரும் சொல்றாங்க, சார். இனிமே வீடு வீடாப் போய் ஓட்டுக் கேட்டு என்ன ஆவப் போவுது?”

கணிப்புகள் பொய்த்ததுண்டு. 2004 மக்களவைத் தேர்தலில் ஆளும் கூட்டணியே திரும்ப வரும் என்று பெரும்பாலோர் சொன்னார்கள், வரவில்லை. ஆனால் அதைக் காட்டி அவரைத் தேற்ற எனக்கு மனமில்லை. பின்தங்கியவர்கள் பெரும்பாலும் தோற்கத்தான் செய்கிறார்கள். அதை மறைத்துத் தரும் ஆறுதல் கள்ளின் மயக்கம் போன்றது. ஓட்டு எண்ணும் நாளில் தெளிந்துவிடும்.

அப்படியானால் நம்பிக்கைக்கு எது ஆதாரம்? அதை அவருடைய ஊரிலேயே பார்க்கலாம். 2017 ஜனவரி 28ஆம் தேதி எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரையெங்கும் எண்ணெய் படிந்தது. மீனவர்களும் தன்னார்வலர்களும் அந்தக் கருங்குழம்பை வாளி வாளியாக அள்ளினார்கள். கடல் முழுவதும் தெளிந்துவிடும் என்று கணக்குப் போட்டா இறங்கினார்கள்? அள்ளிய அளவுக்குக் குறையும். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் முகத்துவாரத்துக்குள் மறுபடியும் எண்ணெய் வந்தது, மறுபடியும் அள்ளினார்கள். ஓட்டுக் கேட்டு ஏறி இறங்கும் ஒவ்வொரு வீடும் ஒரு வாளிதான். தோற்றாலும் அந்த வீட்டில் பேசிய பேச்சு வீணாவதில்லை.

அந்தத் துறைமுகம் 2014 முதல் காமராஜர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரே 1967இல் விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றவர். 1969இல் நாகர்கோவில் மக்கள் அவரை மக்களவைக்கு அனுப்பினார்கள். எதிர்ப்பக்கத்தில் அண்ணா 1962இல் காஞ்சிபுரத்தில் தோற்றார். ஆனால் அவருடைய கட்சிக்கு 50 இடங்கள் கிடைத்தன. 1967இல் அவரே முதலமைச்சரானார். இருவருக்கும் தோல்வி வந்தது. தோல்வி அவர்களுடைய முடிவாகவில்லை. அன்று தோற்றவர்களுக்கு விழுந்த ஓட்டுகள் குப்பைக்குப் போய்விட்டன என்று யார் சொல்ல முடியும்?

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். முடிவை ஏற்க மறுக்கும் பிடிவாதத்தை நம்பிக்கை என்று சொல்லக் கூடாது. எதிர் வேட்பாளருக்கு ஓட்டுப் போடும் அண்டை வீட்டுக்காரரை முட்டாள் என்று எண்ணுகிறவனிடமும் நம்பிக்கை இல்லை, கோபம்தான் இருக்கிறது. மக்களிடம் பேசினால் மனம் மாறும் என்று கருதுகிறவனே மக்களை நம்புகிறவன்.

இளைஞரிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன்: “அவர் ஜெயித்தால் என்ன செய்வார் என்று எதிர்பார்க்கிறாய், தம்பி?” முகத்துவாரத்தில் படிந்த சாம்பலை அகற்றச் செய்வார் என்றார். முடிவு வெளியான மறுநாளும் அந்தச் சாம்பல் அங்கேதான் கிடக்கும். வென்றவர் எவராயினும் அவரிடம் அதைக் கேட்பதற்கு ஆட்கள் வேண்டும். இன்று வீடு வீடாகப் போய்ப் பழகியவர்கள்தான் அன்றும் போவார்கள்.